ஒரே கல்லைப் பதினாலு தரம்

2006ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து இருபது. அக்கினி நட்சத்திர வெயில். காற்று அறவே இல்லை. வடக்கே பேருக்கு ஒரு மேகம். மணவாள நகரில் என் வீட்டுக் கூடத்தில், என் பெண்ணைக் கட்டப்போகிற பொன்னேரி மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், என் மாடியில் குடியிருந்த அந்தப் பெண்பிள்ளை என் மனைவியின் வைரத்தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல ஒண்ணு கண்ணாடி சார்" என்றாள்.

சார் என்றுதான் சொன்னாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. மரியாதையில்லாமல் சொல்லியிருந்தால் அதற்காகவாவது திட்டியிருக்கலாம்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியாவது படித்துவிட்டு, மேகம் வடக்கே இல்லை, மேற்கே இருந்தது என்று சொல்லி அனுப்புவாள். தெருவில் எல்லோரும் அவளைக் கல்லுப் பொண்ணு என்றுதான் சொன்னார்கள். பெண் என்று சொல்லும் வயதும் இல்லை, முப்பத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை. பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். திருவள்ளூரில் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து படித்து, அப்படியே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டாள்.

தொழில் கல் செய்வது. நிஜக் கல் இல்லை, கம்ப்யூட்டரில். சென்னை நகைக்கடைகளுக்கு, நகை செய்வதற்கு முன்பே அதன் படம் வேண்டும். கேட்டலாகில் போட வேண்டும். தங்கத்தை வரைந்துவிடலாமாம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்களாம். கல்லைத்தான் வரைய முடியாதாம். வைரத்தை வரைந்தால் ஐஸ்கட்டி மாதிரி வரும், மாணிக்கத்தை வரைந்தால் ரோஸ்மில்க் மாதிரி வரும். ஒளி கல்லுக்குள்ளே போய், பட்டையில் பட்டுத் திரும்பி, இன்னொரு பட்டையில் பட்டு, எங்கே வெளியே வருகிறது என்பதைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு கீற்றாகக் கணக்குப் போட வேண்டும். ஒரு மோதிரத்துக்குப் பகல் முழுக்க ஆகும். திரையில் முதலில் ரவை கொட்டினதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். நேரம் ஆக ஆகத் தெளியும். அது தெளிகிற வரைக்கும் கேட்டால், "வேகுது சார்" என்பாள். ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரு டேபிள் ஃபேனும் நாள் முழுக்க ஓடும். கரண்ட் போனால் வெந்தது அத்தனையும் போச்சு. மீட்டர் என் பெயரில்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். கம்பி, நட்டு, போல்ட்டு, கிரீஸ் டப்பா, எதுவானாலும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தவன். என் காலத்தில் இருப்புக்கும் கணக்குக்கும் ஒரு வாஷர் வித்தியாசம் வந்தது கிடையாது. அப்படிப்பட்டவன் வீட்டு மாடிக்கு, ஒரு பொருளைக்கூட எண்ணாத ஒருத்தி குடிவந்தாள்.

அவள் எண்ண மாட்டாள். பார்ப்பாள். தள்ளுவண்டியில் கத்திரிக்காய் வாங்கினால் ஒவ்வொரு காயாக எடுத்து வெயிலில் திருப்பிப் பார்ப்பாள். வண்டிக்காரன், "இன்னாம்மா, கத்திரிக்காய்க்கு எக்ஸ்ரே எடுக்கறியா?" என்பான். அவள் அடுத்த காயை எடுப்பாள். அரைக் கிலோவுக்கு இருபது நிமிஷம். பின்னால் நிற்பவர்கள் நாங்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, அள்ளிப் போட்டுக்கொண்டு நகரக் கூடாதா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை, ஏதோ நான் தெலுங்கில் பேசிவிட்ட மாதிரி.

"ஒரே மாதிரின்னு ஒண்ணு கிடையாது சார். எறா பிரிக்கறவங்க ஊடு எங்குளுது. கூடை கூடையா வரும். எல்லாம் எறாதான். எங்க ஆயா ஒண்ணொண்ணா பார்த்துதான் போடும்."

கத்திரிக்காய்க்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அதுதான் அவளுடைய ஒரே பாட்டு. எதைச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்பாள். பக்கத்து வீட்டு அம்மாள், போன வாரம் வைத்த அதே ரசம் என்று கொடுத்தனுப்பினால், அதே ரசம் இல்லை, இதில் மிளகு கூட என்று சொல்லி அனுப்புவாள். அடுத்த மாதத்திலிருந்து ரசம் வருவது நின்றது. அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஏன் நின்றது என்றே புரியவில்லை என்று நினைக்கிறேன்.

வந்த புதிதில் என்னிடம் ஓர் எஃகுக் குண்டு கேட்டாள். பேரிங்கில் இருக்குமே, அதில் பெரியதாக, கீறல் இல்லாமல். எதற்கு என்றால், வைரத்துக்கு என்று சொந்தமாக ஒன்றும் கிடையாதாம். சுற்றி இருப்பதைப் பிடித்துத்தான் அது மின்னுமாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் வைத்தால் நிலக்கரிதானாம். ஆகவே கம்ப்யூட்டரில் செய்த கல்லுக்கும் சுற்றி ஓர் உலகம் வேண்டும். பளபளப்பான குண்டை ஓர் இடத்தில் வைத்துப் படம் பிடித்தால் அந்த இடம் மொத்தமும் குண்டுக்குள் வந்துவிடும். அதைக் கொண்டுபோய்க் கல்லைச் சுற்றிப் போர்த்திவிடுவாளாம். ஆலையில் எனக்குப் பிறகு ஸ்டோர்ஸுக்கு வந்தவரிடம் சொல்லி, கழிவில் கிடந்த எலுமிச்சை அளவு குண்டு ஒன்றை, உரிய ரசீதோடு, வாங்கிக்கொடுத்தேன்.

அதை என் மொட்டை மாடியில், துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துப் படம் எடுத்தாள். அரண்மனை, கண்ணாடி மண்டபம் என்று ரெடிமேடாகவே வருகிறதாமே என்றேன். கேள்விப்பட்டதைத்தான் சொன்னேன். அதை எல்லோரும் போடுவார்கள், எல்லாக் கடை வைரத்துக்குள்ளும் அதே மண்டபம்தான் இருக்கும் என்றாள். ஆக, சென்னையில் லட்சம் லட்சமாக விலை போட்டுக் கேட்டலாகில் அச்சடித்த நெக்லஸ்கள் எல்லாம் என் தண்ணீர்த் தொட்டியையும் பக்கத்து வீட்டு ஆன்டெனாவையும் பிடித்துத்தான் மின்னிக்கொண்டிருந்தன. இதற்காக அவள் தனியாக வாடகை ஒன்றும் தரவில்லை.

இப்போது தோட்டுக்கு வருகிறேன்.

என் மனைவிக்கு அது 1968இல் போட்டது. ஏழு கல் தோடு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. இரண்டு காதுக்கும் சேர்த்துப் பதினாலு. பழைய கட்டு, கல்லின் பின்புறம் தகடு வைத்து அடைத்திருக்கும், பின்னாலிருந்து பார்க்க முடியாது. முப்பத்தெட்டு வருஷத்தில் மூன்று முறை மெருகுக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை அடகுக்குப் போய் மீண்டிருக்கிறது. ஐந்து முறையும் திரும்ப வாங்கும்போது கடையிலேயே நின்று எண்ணித்தான் வாங்கினேன். ஐந்து முறையும் பதினாலு.

அந்தத் தோடு பெண்ணுக்குப் போவதாக ஏற்பாடு. ஆனியில் கல்யாணம். காது வெறுமையாகப் போகிறதே, ஞாபகத்துக்கு ஒரு படமாவது இருக்கட்டும் என்று என் மனைவி அதைக் கழற்றி மாடிக்குக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, காதில் தோடு இல்லாததைப் பார்த்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. பதினாலு கல் இருக்கிற நகையை எண்ணாமல் கொடுத்திருக்கிறாய் என்று சத்தம் போட்டேன்.

"நீங்க எண்ணி வாங்கினப்போ மட்டும் இன்னாத்த கண்டீங்க?" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவளுக்கும் அன்றைக்கு எதுவும் தெரியாது.

மாடியேறிப் போய்ப் பார்த்தேன். தோடு லென்ஸுக்கு அடியில் இருந்தது. திரையில் ஒரே ஒரு கல், தாம்பாளம் அளவுக்கு. நாலாவது கல் என்றாள். ஒரு கல்லைச் செய்து அதையே பதினாலு இடத்தில் வைத்தால் போதாதா, ஒரு தோட்டில் எல்லாம் ஒரே கல்தானே என்று கேட்டேன். அவள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

"ஒரே கல்லைப் பதினாலு தரம் வச்சா பிளாஸ்டிக் சார்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "பத்து நாள்ல தரேன். அம்மாவுக்கு அவங்க கல்லுதான் வேணும்."

பதினொரு நாள் ஆனது. சனிக்கிழமை திருவள்ளூரில் பிரிண்ட் போட்டு வாங்கிவந்து, ஞாயிறு காலை தோட்டோடு சேர்த்துக் கீழே கொண்டுவந்து கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் நகை பார்க்க வந்திருந்தார்கள். கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டியவளை என் மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். படத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

படம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். தோடு காகிதத்திலிருந்து எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் தங்கை காலேஜ் பெண்; அதை வாங்கி மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"கல்லுக்குள்ள யாரோ லுங்கி கட்டிக்கினு நிக்கிறாரு."

நான்தான். மொட்டை மாடியில் அவள் குண்டை வைத்துப் படம் எடுத்த அன்று, தொட்டியில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்க்க ஏறிப்போனவன். பனியன், கட்டம் போட்ட லுங்கி, இடுப்பில் கை. நகருங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க இருந்தீங்க சார், அதான் இருக்கீங்க" என்றாள். அரிசி முனை அளவுதான். ஆனால் நான்தான் என்று தெரிந்தது. இரண்டு வருஷமாகச் சென்னை கேட்டலாகுகளிலும் நான் இப்படி நின்றுகொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தக் காலேஜ் பெண் விடவில்லை, ஒவ்வொரு கல்லாக என்னைத் தேடிக்கொண்டே போனாள். வலது காதுத் தோட்டில் கீழ்க் கல்லுக்கு வந்தபோது, "இதுல மட்டும் மாமாவைக் காணோமே" என்றாள்.

படம் கைக்குக் கை மாறியது. ஆமாம், பதின்மூன்றில் நான் இருந்தேன். ஒன்றில் இல்லை. இருந்தாலும் ஆவி மாதிரி இருந்தேன், பின்னாலிருந்த தகடுதான் தெரிந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மாப்பிள்ளையின் அப்பா தோட்டை எடுத்து அந்தக் கல்லைப் பார்த்தார்.

நான் அவளுக்கு வழி விட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு இருக்கும், சொல்லும்மா என்று நானே எடுத்துக்கொடுத்தேன். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை. படம்தானே, காகிதம்தானே, அதன் மேல் பழியைப் போட்டால் காகிதத்துக்கு வலிக்குமா? என் பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம். கல்லுப் பொண்ணு எழுந்து போய்த் தோட்டைக் கையில் வாங்கினாள். படத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். ஏற்கனவே பதினொரு நாள் பார்த்ததைத்தான்.

"இல்ல சார். படம் சரிதான். இதுல ஒண்ணு கண்ணாடி சார்."

வைரம் ஒளியைப் பிடித்து முன்னாலேயே திருப்பித் தரும், கண்ணாடி உள்ளே விட்டுவிடும், அதனால் அதில் ஆள் தெரியாது என்று, யாரும் கேட்காமலேயே, பொறுமையாக விளக்கவும் செய்தாள். தெரிந்திருந்தால் முன்பே என்னிடம் தனியாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்குளுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? முப்பத்தெட்டு வருஷமா ஊட்ல இருக்கிற நகை. ஊட்டுக்காரருக்குத் தெரியாம இருக்கும்னு நான் இன்னாத்துக்கு நினைக்கணும்?"

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் அவளைப் போலவே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மாள், "பரவால்ல விடுங்க, கண்ணாடியும் பளபளன்னுதான் இருக்குது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் என் முப்பத்தொரு வருஷ சர்வீஸும் போயிற்று. அடுத்து மாப்பிள்ளையின் அப்பா செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியாது. "மீதி பதிமூணும்?" என்று கேட்டார். என்னை இல்லை. என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் தோட்டைப் பற்றி, என் மாடியில் குடியிருப்பவளைக் கேட்டார்.

"மீதி நல்ல கல்லு சார். ஒண்ணொண்ணா பார்த்தேன்."

அவர் தலையை ஆட்டினார். போதும் என்றார். கல்யாணம் நடக்கட்டும், அந்த ஒரு கல்லை மட்டும் மாற்றிவிடுங்கள், மற்றதைக் கடையில் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டாம், அந்தப் பொண்ணு சொல்லிட்டாளே என்றார். ஆறு பேரும் இரண்டாவது காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அன்றைக்கே மாடியேறி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னேன். ஏன் என்று கேட்பாள், நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராகப் போயிருந்தேன். சரி சார் என்றாள். வேப்பம்பட்டில் ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு பார்த்து, முப்பதாம் தேதி ஒரு மினி வேனில் போய்விட்டாள். என் பெண் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கல்யாணத்தைக் காப்பாற்றியவளைத் துரத்திவிட்டேனாம். காப்பாற்றினாளாம்! கெடுத்ததும் அவள்தானே.

யார் கல்லை மாற்றியது? மெருகுக்குக் கொடுத்த மூன்று கடைகளில் ஒன்று மூடிவிட்டது. மற்ற இரண்டிலும் போய்க் கேட்டேன். ஒரு கடையில், "எண்ணித்தானே சார் வாங்கினீங்க?" என்றான் கல்லாவில் இருந்தவன். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பது தெரிந்தது. அடகுக் கடையிலும் அதே பதில். எண்ணிக்கை சரியாக இருந்ததா இல்லையா? இருந்தது. அப்புறம் என்ன? அப்புறம் என்ன என்றுதான் நானும் கேட்கிறேன். இத்தனை வருஷத்தில் எவனோ ஒருவன், இந்த மனிதர் எண்ணுகிறவர், எண்ணிக்கை சரியாக இருந்தால் போய்விடுவார் என்று என்னை எடைபோட்டு வைத்திருக்கிறான்.

பஜாரில் வேறொரு கடையில் கல் ஒன்று வாங்கினேன். பொன்னேரியிலிருந்து போன் வந்தது. கட்டுவதற்கு முன் அந்தப் பொண்ணு ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டுமே என்றார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது? கல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, தோட்டையும் எடுத்துக்கொண்டு, லோக்கல் ரயில் ஏறி வேப்பம்பட்டு போனேன்.

கதவைத் திறந்தவள், வாங்க சார் என்றாள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. லென்ஸில் வைத்துப் பார்த்தாள். வைரம்தான், ஆனால் மற்றதோடு சேராது, இது வெள்ளை அதிகம், அவை எல்லாம் லேசாக மஞ்சள் ஓடின பழைய கல் என்றாள். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னுதானே சார் அந்தக் கண்ணாடியையும் வச்சாங்க."

திரும்பி வந்து, கழிவு கொடுத்து அந்தக் கல்லை மாற்றி, அவர்களிடம் இருந்த பழைய கற்களில் நிறம் பார்த்து வேறொன்று வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை அவள் காலையிலேயே படத்தை வேகவைத்தாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். நடுவில் தக்காளி சாதம் கொடுத்தாள். உப்பு கம்மி. சாயங்காலம் ரவை மெல்ல மெல்லத் தெளிந்து தோடு வந்தது. என் மொட்டை மாடிதான். வீட்டை விட்டுத் துரத்தியும் அவள் என் மாடியை விடவில்லை. எழுந்து போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து எண்ணினேன்.

"எண்ணிட்டீங்களா சார்?"

"எண்ணிட்டேன். பதினாலுலயும் இருக்கேன். சரியா இருக்கு."

"பார்த்தீங்களா?"

என்ன கேள்வி இது என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் பார்த்தேன். ஒரு கல்லில் நான் ஒல்லியாக இருந்தேன். ஒன்றில் தலைகீழாக நின்றேன். ஒன்றில் என் கை மட்டும் பெரிதாக இருந்தது. கீழ்க் கல்லில், புதியதில், வாயைத் திறந்துகொண்டு, வேறு யாரைப் பார்த்தும் இல்லை, அவளைப் பார்த்துத்தான், சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். பதினாலு பேர். ஒருத்தன் மாதிரி இன்னொருத்தன் இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவளுக்குப் பத்திரிகை அனுப்பினேன். வந்தாள், சாப்பிட்டாள், பாயசத்தில் முந்திரி நேற்றைய வறுவல் என்று சமையல்காரரிடமே சொல்லிவிட்டுப் போனாள். மாடியை அடுத்து ஒரு பேங்க் பையனுக்கு விட்டேன்; எதைக் கேட்டாலும் அதேதான் சார் என்பான்; எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. இந்த விவகாரத்தில் எனக்கு ஆனது: முதல் கல்லை மாற்றியதில் கழிவு அறுநூற்றுத் தொண்ணூறு, இரண்டாவது கல் எட்டாயிரத்து அறுநூறு, கட்டுக் கூலி நானூற்று ஐம்பது, மாடி இரண்டு மாதம் பூட்டிக் கிடந்ததில் மூவாயிரத்து அறுநூறு, அலைந்ததில் ரயிலும் ஆட்டோவும் முந்நூற்று நாற்பது, கட்டிய தோட்டைப் பார்க்க மறுபடி வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு இனிப்பு காரம் இருநூற்று எழுபத்தைந்து. இரண்டு நாள் அவள் பார்த்ததற்குக் கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, அதெல்லாம் வேணாம் சார், அம்மா படத்துக்குத் திருவள்ளூர்ல நான் கொடுத்த பிரிண்ட் காசு மட்டும் நிக்குது என்று சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டது அறுபது. ஆகமொத்தம் பதினாலாயிரத்துப் பதினைந்து ரூபாய்.